பெரிய ஹீட்டரில் ஏன் கரி பிடிக்கிறது?

இங்கிலாந்தின் கால்வாய்களில் ஆண்டு முழுவதும் படகிலேயே குடியிருப்பவர்கள் பலர். நேரோபோட் எனப்படும் அந்த இரும்புப் படகின் அகலம் ஏறக்குறைய 2.1 மீட்டர்தான். 18ஆம் நூற்றாண்டில் கட்டிய 7 அடி மதகுகளுக்குள் அது நுழைந்து வெளியேற வேண்டுமே! நீளம் மட்டும் 15 மீட்டர், 17 மீட்டர் என்று போகும். நிலையான துறை இல்லாத படகு ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது என்கிறது 1995ஆம் ஆண்டுச் சட்டம். அதனால் அவர்களுக்குக் கரையிலிருந்து மின்சாரம் கிடையாது. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுவதால் கூரையில் இருக்கும் சோலார் பலகையும் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. ஆனால் தொட்டியில் டீசல் இருக்கிறது.

ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 கிலோவாட்-மணி வெப்பம் அடங்கியிருக்கிறது. அதே ஆற்றலைப் பேட்டரியில் சேமிக்க 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரிகள் எட்டாவது வேண்டும். கேரவனிலும் படகிலும் குளிரைச் சமாளிக்க டீசல் ஹீட்டரைத் தேடிப் போவதற்கு இந்தக் கணக்கே காரணம். இத்துறையின் பழைய பெயர்களான எபர்ஷ்பெஷர், வெபாஸ்டோ இரண்டும் ஜெர்மனியின் எஸ்லிங்கன் ஊரில் பிறந்தவை. முன்னது 1865இலும் பின்னது 1901இலும் தொடங்கப்பட்டன.

ஸ்விட்சைப் போட்டதும் முதலில் விசிறி சுற்றும். பிறகு க்ளோ பிளக் பழுக்கக் காயும். நம்மூர் மெக்கானிக்குகள் ‘ஹீட்டர் பிளக்’ என்பார்களே, அதே இனம்தான். அந்த ஓரிரு நிமிடம் அது பேட்டரியிலிருந்து 8 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும். அடுத்து ‘டிக்... டிக்...’ என்று டோசிங் பம்ப் துடிக்கத் தொடங்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் அளந்து வைத்ததுபோல் ஒரு துளி டீசல் உள்ளே போகும். சூடேறிய உலோக வலையில் பட்டதும் அது ஆவியாகி, காற்றோடு கலந்து பற்றிக்கொள்ளும். வெளிக்குழாயில் கொஞ்சம் வெள்ளைப் புகை தெரிந்து மறையும். சுடர் சீறும் ஒலி நிலைத்ததும் பிளக் அணைந்துவிடும். அதன்பின் சுடர் தன் சூட்டிலேயே நிற்கும்.

சுடர் எரிவது மூடிய உலோகக் கூட்டுக்குள். அறைக்காற்று அந்தக் கூட்டின் வெளிப்புறத்தைத் தடவிச் சூடேறி வருகிறது. புகையும் அறைக்காற்றும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. இதில் இன்னொரு பெரிய நன்மையும் இருக்கிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக உண்டாகும். திறந்த சுடராக இருந்தால் அத்தனையும் குளிர்ந்த இரும்புச் சுவரில் வியர்த்து, மெத்தைக்கு அடியில் பூஞ்சையாக முளைக்கும். இங்கே அது குழாய் வழியே வெளியே போய்விடுகிறது.

சரி, எத்தனை கிலோவாட் வாங்குவது? பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். ‘பெரிதாக வாங்கிவிட்டால் தேவைப்படும்போது கூட்டலாம், வேண்டாதபோது குறைக்கலாம்’ என்று நினைக்கிறார்கள். அந்தச் சுடருக்கு இந்த நியாயம் பொருந்தாது.

ஒரு வேன் கேரவனை எடுத்துக்கொள்வோம். சுவர், கூரை, தரை எல்லாம் சேர்த்து 35 சதுர மீட்டர். நடுத்தரமாக நுரைத்தகடு ஒட்டியிருந்தால், உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலான ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1.5 வாட் வெளியே கசியும். வெளியே 0, உள்ளே 20 டிகிரி என்றால் இழப்பு 1,050 வாட். அதாவது உறைபனி இரவிலும் ஒரு கிலோவாட்டை ஒட்டியே தேவை. 2 கிலோவாட் ஹீட்டர் 0.85 கிலோவாட் வரை இறங்கி நிதானமாக எரியும். பல 5 கிலோவாட் ஹீட்டர்களோ எவ்வளவு தாழ்த்தினாலும் 1.5க்குக் கீழே வருவதில்லை. வேன் சூடாகிப்போக, ஹீட்டர் ஆறிய கூட்டோடு அடிமட்டத்திலேயே கிடக்கும், அல்லது அணைந்து அணைந்து எரியும்.

மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சுடர் மஞ்சளானால் பாத்திரத்தின் அடியில் கரி அப்புவதைப் பார்த்திருப்போம். இங்கே நடப்பதும் அதே வேதியியல்தான். போதிய சூடு இல்லாத கூட்டில் டீசல் முழுதாக ஆவியாகாமல் அரைகுறையாக எரிகிறது. மிச்சமாகும் கரி வலையை அடைக்கிறது. அடைத்த வலையில் டீசல் இன்னும் மோசமாக எரிகிறது. ஒருநாள் காலையில் ஹீட்டர் பற்றவே மறுக்கும். ஆல்ப்ஸ் மலையின் 2,757 மீட்டர் உயர ஸ்டெல்வியோ கணவாய் போன்ற இடங்களில், மெலிந்த காற்றால் இந்தத் தொல்லை கூடும். அங்கே போகிறவர்கள் உயரத்துக்கேற்ப டீசலைக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டே வாங்க வேண்டும்.

படகின் கணக்கு வேறு. 17 மீட்டர் நேரோபோட்டின் இழப்பு 3 கிலோவாட்டைத் தொடும். அதனால் தண்ணீரைச் சூடாக்கி ரேடியேட்டர்களுக்கு அனுப்பும் 4, 5 கிலோவாட் ஹீட்டர் நியாயமானது. குளிக்கவும் வெந்நீர் கிடைக்கும். ஆனால் 5 கிலோவாட் ஹீட்டரோடு மொத்தம் 2 கிலோவாட் ரேடியேட்டர்களை மாட்டினால், தண்ணீர் சூடாகவே திரும்பி வந்து ஹீட்டரை அணைத்துவிடும். பிறகு மறுபடி பிளக், மறுபடி 10 ஆம்பியர், மறுபடி கொஞ்சம் கரி. மின்சாரமே வேண்டாம் என்பவர்களுக்கு டென்மார்க்கின் ரெஃப்லெக்ஸ் போன்ற சொட்டுவிடும் டீசல் அடுப்புகள் உண்டு. அவற்றுக்கு நேரான புகைபோக்கி தேவை.

பெட்டியின்மேல் ‘8 கிலோவாட்’ என்று ஒட்டியிருந்தால் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரு கிலோவாட் வெப்பத்துக்கு மணிக்குச் சுமார் 0.12 லிட்டர் டீசல் செலவாகும். எட்டுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் வேண்டும். அதே பெட்டியோடு வரும் தாளில் அதிகபட்சச் செலவு 0.5 லிட்டர் என்று போட்டிருந்தால், அது 4 கிலோவாட்டைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே எடுக்க வேண்டும். புகைக்குழாயின் வாய் ஜன்னலுக்குக் கீழே இருக்கவே கூடாது. பனி மூடும் இடத்திலும் கூடாது. இணைப்பு கொஞ்சம் விட்டாலும் போதும், மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு உறங்குகிறவரை எழ விடாது. இங்கிலாந்தில் தங்கும் அறையுள்ள படகுகளுக்கு 2019 ஏப்ரல் முதல் அந்த வாயுவைக் காட்டும் அலாரம் கட்டாயம். கேரவன்காரர்களும் சட்டத்துக்குக் காத்திராமல் படுக்கைக்கு அருகே ஒன்றை மாட்டிவிட வேண்டும்.

ஒயரையும் தடிமனாகப் போடுங்கள். மெல்லிய ஒயரில் அந்த 10 ஆம்பியர் ஓடும்போது வோல்ட் சரிந்து, நல்ல ஹீட்டரே பழுதுபட்டதுபோல் நடிக்கும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் முழு வேகத்தில் எரியவிட்டால் படிந்த கரி பெருமளவு எரிந்துபோகும். அணைத்த பிறகும் விசிறி சில நிமிடம் சுற்றிக்கொண்டிருக்கும். கூட்டில் மிஞ்சிய சூட்டை அது வெளியேற்றுகிறது. அந்தச் சத்தம் தானாக ஓயும்வரை பேட்டரி ஸ்விட்சில் கை வைக்காதீர்கள்.