கணிப்பொறி வீடு மாறுகிறது

தாராவியிலிருந்து செம்பூருக்குக் குடிமாறும் குடும்பம், பண்டபாத்திரங்களை டெம்போவில் ஏற்றியதோடு வேலை முடிந்ததென்று எண்ணுவதில்லை. ரேஷன் கார்டில் முகவரி மாறும் வரையில் பாதி வீடு பழைய இடத்திலேயே இருக்கிறது. இயங்குதளத்தைப் பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து புதியதற்கு மாற்றுவதும் ஏறக்குறைய இத்தகையதே.

கோப்புகளை மட்டும் நகல் செய்து புதுத் தட்டில் இட்டால் போதாதா? போதாது. பொறியை முடுக்கியதும் தாய்ப்பலகையில் உறையும் யூஇஎஃப்ஐ என்னும் நிரல் விழித்து, தட்டில் அதற்கென்று ஒதுக்கிய சிறு பாகத்தில் தொடக்க நிரலைத் தேடுகிறது. அப்பாகம் வரவில்லையானால் இயங்குதளம் எழாது. வந்தாலும் இன்னொரு தடை உண்டு. லினக்ஸில் ஒவ்வொரு பாகத்திற்கும் யூயூஐடி என்ற நீண்ட அடையாள எண் இருக்கிறது. எதை எங்கே இணைப்பது என்பதை எஃப்எஸ்டேப் என்ற கோப்பு பெரும்பாலும் அவ்வெண்ணைக் கொண்டே கூறுகிறது. புதுப் பாகத்திற்குப் புது எண். கோப்பிலோ பழைய எண். ரேஷன் கார்டு என்றேனே, அஃது இதுதான்.

இத்தொல்லை வேண்டாமென்று, தட்டை அப்படியே முழுமையாகப் பெயர்க்க முற்பட்டேன். என்னுடையது 500 ஜிபி சுழல்தட்டு. லாமிங்டன் ரோட்டில் 1000 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும் அதை வெளியிலிருந்து இணைக்கும் கேபிளும் வாங்கினேன். (1956இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் தட்டுக் கருவி, 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைச் சுமந்தும் 50 லட்சம் எழுத்துகளையே கொண்டது. நான் வாங்கியதோ சட்டைப்பையில் அடங்கிற்று!) ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தை நகல் எடுத்தால் எடுக்கும்போதே அது மாறிக்கொண்டிருக்கும். ஆகவே பென் டிரைவிலிருந்த வேறொரு லினக்ஸால் பொறியை முடுக்கி, டிடி என்ற கட்டளையை எழுதினேன்.

இக்கட்டளையில் ஐஎஃப் என்பதற்குப் பின் மூலத்தையும், ஓஎஃப் என்பதற்குப் பின் இலக்கையும் எழுத வேண்டும். அது எதையும் திருப்பிக் கேட்காது, சொன்னதைச் செய்துவிடும். நான் இரண்டையும் இடம் மாற்றி எழுதியிருந்தேன்! என்டர் விசைமேல் விரல் இருந்த வேளையில்தான், 500 ஜிபி தட்டின் பெயர் இலக்கின் பக்கம் நிற்பதைக் கண்டேன். அழுத்தியிருந்தால் வெற்றுத் தட்டின் வெறுமை நிறைந்த தட்டின்மேல் படிந்து, ஆய்வேட்டுக்காக எட்டு மாதம் எடுத்த அளவீடுகள் அழிந்திருக்கும். வேறு பிரதி என்னிடம் இல்லை. எம்.எஸ்ஸி. படிப்பவன் செய்யும் காரியமா இது? வேலையை நிறுத்தி, அளவீடுகளை முதலில் வேறிடத்தில் பத்திரப்படுத்தினேன். பிறகு தட்டுகளின் வரிசை எண்ணையும் ஒப்பிட்டுக்கொண்டே விசையைத் தொட்டேன்.

விநாடிக்கு 100 எம்பி வீதம் 5000 விநாடிகள்; ஏறத்தாழ 83 நிமிடங்கள். டிடி பாகங்களின் அடையாள எண்களையும் பெயர்த்துவிடுவதால், ஒரே முகவரியில் இரண்டு வீடுகள் நிற்கும். ஆதலால் பழையதைக் கழற்றிய பின்னரே முடுக்க வேண்டும். பாக அட்டவணையின் மறுபிரதி தட்டின் கடைக்கோடியில் இருக்க வேண்டியது. நகலில் அது நடுவில் நிற்கும். அதைக் கோடிக்கு நகர்த்தினாலன்றி மிகுதி இடம் பயன்படாது.

விண்டோஸ் வைத்திருப்போர் பிட்லாக்கர் பூட்டின் 48 இலக்க மீட்பு எண்ணை முன்னரே குறித்துக்கொள்ளுங்கள். பழுதடைந்து வரும் தட்டுக்கு டிடி ஆகாது. படிக்க முடிந்த பகுதிகளை முதலில் காப்பாற்றும் டிடிரெஸ்க்யூ வேண்டும்.

பழைய தட்டை டிரங்குப் பெட்டியில் ஒரு மாதம் தொடாமல் வைத்திருந்து, பிறகே அழித்தேன்.