அன்னமிட்ட பாதை

விடுமுறை வந்துவிட்டால் மலைவாசஸ்தலங்களை நோக்கி மோட்டார் வண்டிகள் வரிசையாக விரைகின்றன. அதை நாம் குறை கூறவில்லை. ஆயினும் கண்ணுக்குக் குளிர்ச்சியும், நாவுக்குச் சுவையும், நெஞ்சுக்கு உரமும் ஒருங்கே அளிக்கும் பாதை ஒன்று நமது நாட்டிலேயே இருப்பதைப் பலர் மறந்துவிட்டனர். திருச்சிராப்பள்ளியில் காவிரிக் கரையில் தொடங்கி, தஞ்சைத் தரணியைக் கடந்து, வேதாரண்யத்தில் கடலோரம் முடியும் பாதையையே குறிப்பிடுகிறோம்.

1930-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ஆம் தேதி, திருச்சியில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் இல்லத்திலிருந்து ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் புறப்பட்டனர். காந்தியடிகள் தண்டியில் உப்பெடுத்து அப்போது ஒரு வாரமே ஆகியிருந்தது. நடக்கவேண்டிய தூரம் ஏறக்குறைய 150 மைல். தஞ்சை ஜில்லா கலெக்டராயிருந்த தார்ன் துரை தடியடியைவிடக் கொடிய ஆயுதம் ஒன்றைக் கையிலெடுத்தார். தொண்டர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுப்போருக்கு ஆறு மாதச் சிறை என்று ஊரெங்கும் அறிவித்தார். சோழநாடு சோறுடைத்து என்று பெயர் பெற்ற பூமியில் அன்னமிடுதல் குற்றமாயிற்று!

ஜனங்கள் என்ன செய்தார்கள்? பசித்து வந்தவனுக்கு இலை போடாமல் அனுப்புவது எந்த உழவன் வீட்டு வழக்கம்? சாலையோர மரக்கிளைகளில் உணவுப் பொட்டலங்கள் தொங்கின. ஆற்றங்கரைகளில் அன்னப் பாத்திரங்கள் மறைத்து வைக்கப்பட்டன. அவை இருக்கும் இடம் தொண்டர்களுக்குக் குறிப்பால் உணர்த்தப்பட்டது. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் பகிரங்கமாகவே தொண்டர்களை உபசரித்துச் சிறை புகுந்தார். அவர் பெயர் சரித்திரத்தில் நின்றது. மரத்தில் சோற்றைக் கட்டிவைத்த கைகள் எத்தனையோ! அவற்றின் பெயரை எந்த ஏடும் எழுதி வைக்கவில்லை.

அப்பாதையில் இன்று மோட்டாரில் ஒரே நாளில் போய்விடலாம். போகலாகாது என்பதே நமது கட்சி. கரிகாலன் பெயரால் விளங்கும் கல்லணையில் சற்று நின்று, ஆறு பல கைகளாகப் பிரிந்து வயலை நாடிச் செல்வதைப் பார்க்க வேண்டும். அருகிலுள்ள கோவிலடியில் அப்பக்குடத்தான் சந்நிதியில் பெருமாளுக்கு இரவுதோறும் அப்பம் நிவேதனமாகிறது. தஞ்சையில் 1010-ஆம் வருஷம் முதல் ராஜராஜன் எழுப்பிய பெரிய கோவில் நிமிர்ந்து நிற்கிறது. அக்கோபுரத்தை நிமிர்த்தியது நெல் வருமானமேயன்றி வேறென்ன? கும்பகோணம் செல்லும் வழியில் வாழைத் தோட்டங்களும் வெற்றிலைக் கொடிக்கால்களும் கண்ணைக் கவரும். அதன்பின் வலங்கைமான், நீடாமங்கலம்; பிறகு ஹரித்ராநதி என்னும் பெரிய திருக்குளம் படைத்த மன்னார்குடி. தை மாதத்தில் சென்றால் சம்பா அறுவடையைக் காணலாம். அதன்பின் அதே வயல்களில் உளுந்தும் பயறும் விளைந்து கிடக்கும்.

அடுத்து வருவது திருத்துறைப்பூண்டி. இங்கே நேயர்கள் ஒரு வேளையாவது தங்கி உண்ண வேண்டும். 2018-ஆம் வருஷம் மறைந்த நெல் ஜெயராமன் வாழ்ந்து உழைத்தது இவ்வட்டாரத்திலேயே. மறைந்துகொண்டிருந்த பழைய நெல்வகைகளில் 170-க்கு மேற்பட்டவற்றை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தவர் அவர். நெல் திருவிழாவில் உழவர்க்கு இரண்டு கிலோ விதை கொடுப்பார். மறு வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பதே நிபந்தனை. மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், காட்டுயானம் இவையெல்லாம் மீண்டும் வயலேறியது இத்தகையோர் உழைப்பினால். கடலோர உவர்நிலத்தைத் தாங்கி வளரும் குடவாழையும் இப்பகுதிக்கு உரிய நெல்லே. கைக்குத்தல் அரிசிச் சோறும், வயலில் விளைந்த பயற்றங்குழம்பும், தோட்டத்துக் கீரையும் இலையில் விழும்போது, மரக்கிளையில் தொங்கிய பொட்டலத்தின் அருமை விளங்கும்.

இனி வேதாரண்யம். ஏப்ரல் 28-ஆம் தேதி தொண்டர்கள் இவ்வூரை அடைந்தனர். 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பெடுத்த ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் கைது செய்யப்பட்டார். அவ்விடத்தில் ஸ்தூபி நிற்கிறது. சுற்றிலும் இன்றும் உப்பளங்கள் வெண்மையாய் ஒளிர்கின்றன. தொண்டர்களுக்கு ஊன்றுகோலாக நின்ற சர்தார் வேதரத்தினம் பிள்ளையின் ஊர் இது. தன்னிடம் க்ஷவரத்துக்கு வந்தவன் போலீஸ்காரன் என்றறிந்ததும் பாதியில் கத்தியை வைத்துவிட்டுச் சிறைக்குப் போன வைரப்பனின் ஊரும் இதுவே. மணற்பாங்கான நிலத்தில் மாவும் முல்லையும் செழிக்கின்றன. 2018-ஆம் வருஷத்து கஜா புயல் தோப்புகளை வேரோடு சாய்த்தது. சாய்ந்த இடத்திலேயே மறுபடியும் கன்று நட்டவர்கள் இவ்வூரார். கோடியக்கரைக் காட்டில் வெளிமான்களையும், குளிர்காலத்தில் பூநாரைகளையும் காணலாம்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி. வழிநெடுக உண்ட சோற்றுக்கு உரிய உப்பைப் பாதையின் முடிவில் காண்கிறோம். சோறும் உப்பும் உழைப்பவன் கையிலிருந்து வருகின்றன. இவ்விரண்டுக்காகவும் மக்கள் சிறை சென்றார்கள் என்பதை இப்பாதை போல் வேறெதுவும் கற்பிக்காது.

காவிரிப் பாசனப் பகுதி 2020-ஆம் வருஷத்துச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாயிற்று. சட்டம் நிலத்தைக் காக்கலாம். உழவனை யார் காப்பது? அவன் விளைவித்ததை நியாயமான விலை கொடுத்து வாங்கி உண்பவனே காப்பான். ஆகவே இப்பாதையில் செல்லும் அன்பர்களுக்கு நமது வேண்டுகோள் இதுதான்: ஊரிலிருந்தே கட்டுச்சாதம் கொண்டு போகாதீர்கள், பெட்டியிலடைத்த பண்டங்களையும் நாடாதீர்கள். வயலருகே வண்டியை நிறுத்துங்கள். உழவனிடம் நேரே அரிசியும் பயறும் பழமும் வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். 1930-இல் அவன் பாட்டன் சிறைக்கஞ்சாமல் இலவசமாக இட்ட அன்னத்துக்கு இந்நாட்டார் இன்னும் விலை கொடுத்து முடிக்கவில்லை.