உங்களுக்குத் தெரியுமா? எதற்கு இந்தக் கருவி?

பழைய சாமான் கடையிலோ பரணிலோ ஒரு கருவி அகப்படும். எதற்கென்று யாருக்கும் தெரியாது. பல சமயம் அது செய்த வேலையே ஒழிந்து, கருவி மட்டும் மிஞ்சியிருக்கும். அப்படிச் சில புதிர்களும் அவற்றை விடுவிக்கும் வழிகளும்...

● ஐரோப்பாவில் ஒரு காலத்தில் சர்க்கரையைக் கூம்பு வடிவக் கட்டியாகவே விற்றார்கள். அதை நறுக்க, வளைந்த அலகுகள் கொண்ட இரும்பு இடுக்கி வீட்டில் இருக்கும். இன்றைய செக் குடியரசிலுள்ள டாசிட்சே ஊரின் சர்க்கரை ஆலையை நடத்திய யாகுப் ராட், 1843-இல் சதுரக் கட்டிச் சர்க்கரைக்குக் காப்புரிமை பெற்றார். இடுக்கிக்கு மெல்ல வேலை போயிற்று.

● கத்தரிக்கோல்தான், ஆனால் ஒரு அலகின் மேல் குட்டிப் பெட்டி இருக்கிறதா? மெழுகுவத்தியின் கரிந்த திரியை வெட்டுவதற்கானது அது. துண்டு மேஜையில் விழாமல் பெட்டிக்குள் போய்விடும். 1825-இல் பிரான்ஸின் கம்பசெரே பின்னல் திரியைக் கொண்டுவந்தார். எரியும்போது அது தானாக வளைந்து சாம்பலாகிவிடும். வெட்ட வேண்டிய அவசியமே இல்லை.

● பிடியை அழுத்தினால் இடுக்கியின் வாய் மூடும். அழுத்தும்போது வாய் திறந்தால்? அது கையுறை விரிப்பான். இறுகிப்போன தோல் கையுறையின் விரல்களுக்குள் நுழைத்து அகலப்படுத்துவார்கள்.

● மெல்லிய கம்பி, நுனியில் சிறு கொக்கி. 19-ஆம் நூற்றாண்டு பூட்ஸில் வரிசையாக இருந்த குட்டிப் பொத்தான்களைத் துளை வழியே இழுத்து மாட்ட உதவியது இது. நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் 1892-இல் திறந்த குடியேற்ற நிலையத்திலோ, மருத்துவர்கள் இதே கொக்கியால் வந்தவர்களின் கண்ணிமையைப் புரட்டி டிரக்கோமா நோய் இருக்கிறதா என்று பார்த்தார்கள். வடிவத்தை மட்டும் நம்பினால் பாதி உண்மைதான் கிடைக்கும்.

● பெரிய சாவி போலிருக்கும், பூட்டு எங்கும் கிடைக்காது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர்கள் பல் பிடுங்கிய கருவி அது. கொக்கியைப் பல்லில் மாட்டித் திருகுவார்கள். சில நேரம் தாடை எலும்பும் முறியும்!

● ஒரு முனை ஊசி, மறுமுனை கத்தி. நம்மூர் எழுத்தாணிகளில் இப்படிப்பட்டவை உண்டு. கத்தி ஓலையை நறுக்க. ஊசி எழுத்தைக் கீற. மை அதற்குப் பிறகுதான். கீறிய தடத்தில் தடவினால் எழுத்து கருப்பாகத் தெரியும்.

● 'பாட்டன் காலத்துச் சாமான்' என்கிறார்களா? திருகாணியைப் பாருங்கள். நம் மெக்கானிக்குகள் 'ஸ்டார் ஸ்க்ரூ' என்கிற பிலிப்ஸ் திருகாணி 1930-களில்தான் சந்தைக்கு வந்தது. பிற்காலப் பழுதுபார்ப்பில் மாட்டியதாக இல்லாவிட்டால், கருவியின் வயது அதைத் தாண்டாது.

● வெளிநாட்டுச் சரக்கில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் சட்டம் இயற்றியது. எனவே வெறும் 'ஜெர்மனி' என்ற முத்திரையும் காலத்துக்கு ஒரு துப்பு. காப்புரிமை எண் இருந்தால் இன்னும் நல்லது. ஆவணத்தில் படத்தோடு பயனும் எழுதியிருக்கும்.

● பிரான்ஸில் நியாண்டர்தால் மனிதர்கள் வாழ்ந்த இடங்களில், முனை மழுங்கி வழவழத்த விலா எலும்புத் துண்டுகள் கிடைத்தன. வயது சுமார் 50,000 ஆண்டுகள். தோலைத் தேய்த்து மிருதுவாக்கும் கருவி என்று 2013-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். தோல் தொழிலாளர்கள் இன்றும் அதே வடிவக் கருவியைப் பயன்படுத்துகிறார்கள்.

● ஜெர்மனியின் ஹோலே ஃபெல்ஸ் குகையில் 2015-இல் கிடைத்த மாமூத் தந்தத் துண்டில் நான்கு துளைகள், உள்ளே சுருள் சுருளாகக் கீறல்கள். அலங்காரத்துக்கு ஏன் உள்பக்கம் கீற வேண்டும்? மாதிரி ஒன்று செய்து, துளைகள் வழியே தாவர நாரை இழுத்து முறுக்கிப் பார்த்தார்கள். உறுதியான கயிறு வந்தது!

● ரோமானியர் காலத்துப் பன்னிரு முக வெண்கலக் கூடு நூற்றுக்கு மேல் கிடைத்திருக்கிறது. முகத்துக்கு ஒரு துளை, மூலைக்கு ஒரு குமிழ். 2023-இல் இங்கிலாந்தின் நார்ட்டன் டிஸ்னியிலும் ஒன்று அகப்பட்டது. அதில் தேய்மானமே இல்லை. அளவுகோலா, விளக்குத்தண்டா என்ற ஊகங்கள் எல்லாம் இங்கேதான் தடுக்கி விழுகின்றன.

● எனவே பழைய கருவி கிடைத்ததும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எந்த விளிம்பு மழுங்கியிருக்கிறது, எங்கே கறை, பிடியில் எந்தப் பக்கம் கட்டைவிரல் பதிந்த பள்ளம் என்று பாருங்கள். பிறகு பக்கத்துத் தச்சரிடமோ கொல்லரிடமோ செருப்புத் தைக்கிற பெரியவரிடமோ காட்டுங்கள். நமக்குப் புதிராக இருப்பது அவருக்கு அன்றாட வேலையாக இருக்கலாம்.