மோட்டாரை மாற்றும் முன்

மார்ச் பிறந்துவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பம்ப் மெக்கானிக்குகளுக்கு ஓய்வு கிடையாது. "தண்ணி மேல ஏற மாட்டேங்குதுண்ணா, ஒரு எச்.பி.யை எடுத்துட்டு ஒன்றரை போட்டுடலாமா?" என்கிறார்கள். பல வீடுகளில் அது வீண்செலவு. குறை மோட்டாரில் இல்லை, இறங்கிவிட்ட நீர்மட்டத்தில் இருக்கிறது.

தரைமேல் இருக்கும் மோட்டார் தண்ணீரை இழுப்பதில்லை. குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது. தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்று. அந்தக் காற்றால் 10.3 மீட்டர் உயரத்துக்குத்தான் நீரைத் தாங்க முடியும். உராய்வும் கசிவும் போக, நடைமுறையில் 7 மீட்டர் கிடைத்தால் பெரிது. 1640களில் இத்தாலியின் டாரிசெல்லி விளக்கிய இந்த வரம்பை எத்தனை எச்.பி. போட்டாலும் தாண்ட முடியாது. கிணற்றில் மட்டம் இறங்க இறங்க மோட்டாரையும் உள்ளே இறக்கியது இதனால்தான். தண்ணீருக்குள் மூழ்கிக் கீழிருந்து தள்ளும் சப்மெர்சிபிளுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் ஊற்று வேண்டுமே!

ஊற்று போதுமா என்று அறிய, மாடித் தொட்டியில் தண்ணீர் விழும் இடத்தில் 20 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். நிறைய எத்தனை நொடி ஆகிறது? மோட்டார் போட்டவுடன் ஒருமுறை, கால் மணி நேரம் கழித்து ஒருமுறை பாருங்கள். முதலில் நன்றாகக் கொட்டி, பிறகு காற்றும் தண்ணீருமாகத் துப்பினால் போர்வெல்லில் ஊறுவது போதவில்லை. பெரிய மோட்டார் இருப்பதையும் சீக்கிரம் உறிஞ்சிவிட்டு வெறுமனே ஓடும். சுற்றியுள்ள தண்ணீரால் குளிர வேண்டிய மோட்டார் என்பதால் காயில் கருகும். விட்டுவிட்டு ஓட்டுவதும், தண்ணீர் இல்லாவிட்டால் தானே நிற்கும் பேனல் போர்டு வைப்பதும் நல்லது.

தொடக்கம் முதலே மெலிந்து விழுந்தால் வோல்டேஜைப் பாருங்கள். அது 10 சதவீதம் குறைந்தாலே மோட்டாரின் முறுக்குவிசை சுமார் 19 சதவீதம் குறையும். வோல்டேஜ் சரி என்றால் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், போர்வெல்லுக்குள் குழாய் இணைப்பு விட்டிருக்கலாம்.

தொட்டி நிறைந்திருந்தும் குளியலறையில் நூலாக வந்தால் கதை வேறு. அங்கே அழுத்தம் தருவது உயரம் மட்டுமே: மீட்டருக்கு 0.1 பார். 500 லிட்டர் தொட்டியை 1,000 லிட்டராக்கினால் பிரஷர் கூடாது. மேடை கட்டி உயர்த்தினால் கூடும். அதற்கும் முன், குழாய் வாயில் இருக்கும் சிறு வலையைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளை உப்புத் துணுக்குகள் அடைத்திருந்தால் வினிகரில் ஊறவைத்தால் போதும். அதே உப்பு குழாய்க்குள் படிந்து உள்விட்டம் பாதியானால், வரத்து ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிவிடும். அந்தக் குழாயை மாற்றத்தான் வேண்டும்.

2019 ஜூனில் சென்னையின் புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு கிடந்ததைப் பார்த்தோம். நிலத்தடியில் நீர் ஊற 2003இல் தமிழக அரசு கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்புத் தொட்டி பல வீடுகளில் இன்று சேறு அடைத்துக் கிடக்கிறது. புது மோட்டாருக்கு எடுத்துவைத்த பணத்தில் ஒரு பகுதி போதும், அக்டோபருக்குள் அதிலுள்ள ஜல்லியையும் மணலையும் வாரியெடுத்துக் கழுவிப் போட.