பேச்சு வரும் என்று காத்திருக்காதீர்கள்

"ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், அவங்க அப்பனும் அப்படித்தான்." பிறவியிலேயே காது கேளாத குழந்தையின் அருமையான மாதங்கள் இந்த ஆறுதலில்தான் கரைகின்றன. பின்னால் நின்று தட்டைத் தட்டினால் திரும்புகிறதே என்பார்கள். அது அதிர்வுக்கோ நிழலுக்கோ திரும்பியிருக்கலாம்.

தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனையை வைத்துச் சில நிமிடங்களில் எடுப்பது ஓ.ஏ.இ. சோதனை. பிறந்ததும் தீவிர சிகிச்சையில் இருந்த, கடும் மஞ்சள் காமாலை கண்ட குழந்தைகளுக்கு அது மட்டும் போதாது. ஒலி கேட்கும் நரம்பு வழியே மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா சோதனையும் கேட்டு வாங்குங்கள். மூன்று மாதத்துக்குள் குறை உறுதியாகி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கிவிட வேண்டும்.

காதுக் கருவி மாட்டியும் பலனில்லாவிட்டால், அறுவை செய்து உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பங்களின் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது இலவசம். ஆறு வயது வரை அவகாசம் இருக்கிறதே என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். ஒலியே எட்டாத மூளை வேறு வேலைக்குப் பழகிவிடும். ஒன்றரை வயதில் பொருத்துவதும் ஐந்தரை வயதில் பொருத்துவதும் ஒன்றல்ல.

ஸ்கேனில் கேட்கும் நரம்பே இல்லை என்று தெரிந்தால் இந்தக் கருவி உதவாது. அறுவையில் மிச்சமிருக்கும் கேட்கும் திறன் போய்விடக்கூடும். முகநரம்பு பாதிப்பு அரிது, ஆனால் உண்டு. மூளைக்காய்ச்சல் அபாயம் இருப்பதால் நிமோகாக்கல் தடுப்பூசி கட்டாயம். தலைக்குள் காந்தம் இருப்பதை, பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுப்பவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

காயம் ஆறிச் சில வாரம் கழித்துத்தான் கருவியை இயக்குவார்கள். முதல் சத்தத்துக்குப் பல குழந்தைகள் மிரண்டு அழும். காதுக்குப் பின்னாலிருப்பதைப் பிடுங்கி எறியும். மறுபடி மாட்டுங்கள். கருவியின் ஒலி அளவைக் குழந்தைக்கு ஏற்பச் சரிசெய்யும் மேப்பிங்கும் பேச்சுப் பயிற்சியும் ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். அறுவை முடிந்ததே என்று பயிற்சியை விட்ட வீடுகளில், கருவி பீரோவில் கிடக்கிறது. தினக்கூலி வேலையை விட்டு வாராவாரம் பஸ் ஏறும் தாய்க்கு வீட்டார் துணை நிற்பதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த பிறகும் மருத்துவமனை பணம் கேட்டால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் புகார் செய்யலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. காதுக்குப் பின்னால் மாட்டும் வெளிக்கருவியின் வரிசை எண்ணும் உத்தரவாதக் காலமும் உள்ள தாளை வீட்டுக்குக் கிளம்பும் முன் எழுத்தில் வாங்குங்கள். காசு கொடுத்து வாங்கிய கருவியில் குறையிருந்து நிறுவனம் கைவிரித்தால், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக அந்தத் தாள் வேண்டும்.