"இருமல்தான் நின்னு போச்சே! இன்னும் எதுக்கு மாத்திரை?"
காசநோயாளிகளைத் தேடி சந்து சந்தாகச் செல்லும் சுகாதாரப் பணியாளர்கள்

சென்னை-

"இருமல்தான் நின்னு போச்சே! இன்னும் எதுக்கு மாத்திரை?"

காசநோய்க்கு மருந்து சாப்பிடும் பலர் கேட்கும் கேள்வி இது. ஆபத்தே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது! இதற்குப் பதில் சொல்லத்தான் பேட்டை சுகாதார நிலையத்தில் இருந்து பையும் கையுமாகப் பணியாளர்கள் வீடு தேடி வருகிறார்கள்.

விவரம் வருமாறு:-

சாதாரண காசநோய்க்கு 6 மாதம் மருந்து. முதல் 2 மாதம் 4 வகை மருந்து. அடுத்த 4 மாதம் 3 வகை. ஆரம்பித்த சில வாரங்களிலேயே காய்ச்சல் விடும், பசி எடுக்கும், இருமல் அடங்கும். ஆள் தேறிவிட்டோம் என்று வேலைக்கு ஓடுவார். மாத்திரை அலமாரியில் தூங்கும்!

ஆனால் கிருமி முழுசாகச் சாகவில்லை. பாதியில் விட்டால் நோய் திரும்பி வரும். வழக்கமான மருந்துக்கு மசியாத கிருமியாகவும் மாறலாம். அதே கிருமி வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றலாம்.

பயம் வேண்டாம்

"ஒண்ணுக்கு சிவப்பா போகுது" என்று பயந்து மாத்திரையை நிறுத்துபவர்களும் உண்டு. அது ரிபாம்பிசின் என்ற மருந்தின் நிறம். பயப்பட வேண்டாம். ஆனால் கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் டாக்டர் சொல்வது காதில் ஏறாது. வாசற்படியில் உட்கார்ந்து சொன்னால் ஏறும். மீதி மாத்திரையை எண்ணுவது, வீட்டில் வேறு யாருக்காவது இருமல் உண்டா என்று விசாரிப்பது, குழந்தைகளைப் பரிசோதனைக்கு அழைப்பது எல்லாம் இவர்கள் வேலை. சத்துணவுக்காக மத்திய அரசு மாதம் 500 ரூபாய் தரும் திட்டம் 2018-ல் வந்தது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாய் ஆனது. அதற்குப் பாங்கிக் கணக்கு விவரம் வாங்குவதற்கும் இவர்கள் உதவுகிறார்கள்.

சென்னை காட்டிய வழி

வீட்டிலேயே வைத்தியம் என்பதை உலகத்துக்கு நிரூபித்ததே நம்ம சென்னைதான்! 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரில் ஒரு பகுதியினருக்கு சானடோரியத்தில் வைத்தியம். மற்றவர்களுக்கு வீட்டில். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு எல்லாம் கிடைத்தது. ஆனாலும் ஒரு வருட முடிவில் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். முடிவு 1959-ல் வெளியானது.

அந்த வெற்றியில் மருந்துக்கு மட்டும் பங்கு இல்லை. சுகாதாரப் பார்வையாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள்.

அக்கம் பக்கம்

"வீட்டுக்கு வராதீங்க, நாலு பேர் பார்ப்பாங்க. பொண்ணு கல்யாணத்துக்கு இருக்கா" என்று கதவைச் சாத்துபவர்களும் உண்டு. அப்படிக் கூச்சம் இருந்தால் வேறு இடத்தில் சந்திக்கலாம். நம்பிக்கையான அண்டை வீட்டுக்காரரோ, கடைக்காரரோ கூட மருந்து சாப்பிடுவதை மேற்பார்வை பார்க்கலாம்.

2 வாரத்துக்கு மேல் இருமலா? அரசு சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். மருந்தும் இலவசம்.

கதவு தட்டும் சத்தம் கேட்டால், தயவு செய்து திறந்து விடுங்கள்!