ஜீப் வண்டியின் டிரான்ஸ்பர் கேஸும் அதனை வீட்டிலேயே செப்பனிடலும்

மலைத்தோட்டங்களிலும், நல்ல பாதையில்லாத சிற்றூர்களிலும் உரமும் விளைபொருளும் ஏற்றிச் செல்ல, நான்கு சக்கரங்களும் உந்தும் பழைய ஜீப் வண்டிகள் இன்றும் உபயோகப்பட்டு வருகின்றன. இவ்வண்டிக்கும் பயிர்த்தொழிலுக்கும் உறவு நெடுநாளையது. அமெரிக்காவில் 1941 முதல் யுத்தத்திற்கெனச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப், யுத்தம் முடிவுற்ற 1945-ஆம் ஆண்டிலேயே சி.ஜே. 2ஏ என்னும் பெயருடன் குடியானவர்களுக்கென விற்பனைக்கு வந்தது. பம்பாயில் மகீந்திரா கம்பெனியார் 1940-களின் பிற்பகுதியில் வில்லிஸ் ஜீப்புகளைக் கோத்து விற்கத் தொடங்கினர். பின்னர் இந்நாட்டில் பெருவழக்காக விளங்கிய சி.ஜே. 3பி வண்டியிலும் ஸ்பைசர் 18 என்னும் அதே டிரான்ஸ்பர் கேஸே அமைந்துள்ளது.

கியர் பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பகிர்ந்தளிப்பது இப்பெட்டியின் வேலை. பெட்டியினுள் மேலே ஒரு பல்சக்கரமும், நடுவே இடைச்சக்கரமும், அச்சுகளுக்குச் செல்லும் தண்டின்மீது மற்றவையும் உள்ளன. இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. வண்டி உயர்ந்த கியரில் ஓடினாலும் தாழ்ந்த கியரில் ஓடினாலும், இரண்டு சக்கரங்கள் உந்தினாலும் நான்கும் உந்தினாலும், எஞ்சினின் சக்தி முழுவதும் அந்த இடைச்சக்கரத்தின் வழியாகவே சென்றாக வேண்டும். அதற்கு ஓய்வென்பதே இல்லை. ஆகவே முதலில் தேய்வது அதன் தண்டும், அதனைச் சூழ்ந்த ஊசி உருளைகளும், இருபுறமும் உள்ள த்ரஸ்ட் வாஷர்களுமேயாகும். யுத்தகால வண்டிகளில் இத்தண்டின் பருமன் முக்கால் அங்குலமே. அது போதாதென்று கண்டு, 1946 முதல் 1⅛ அங்குலமாகவும், பிறகு 1¼ அங்குலமாகவும் பெருக்கினர். உதிரிப்பாகம் வாங்கச் செல்வோர் பழைய தண்டைக் கையோடு கொண்டுபோய் அளந்து வாங்குதல் அவசியம்.

எண்ணெய்க் குறைவே பெரும்பாலான கேடுகளுக்குக் காரணம். இப்பெட்டி கொள்ளும் எண்ணெய் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர்தான். ஆயில் சீல் சிறிது பழுதடைந்து, வண்டி நிற்குமிடத்தில் நாலைந்து சொட்டுகள் விழுவதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. சில மாதங்களில் பெட்டி வறண்டுபோகிறது. மேலும் கியர் பாக்ஸும் இப்பெட்டியும் ஒட்டி நிற்பதால், ஒன்றின் எண்ணெய் மற்றொன்றுக்குள் கசிந்து செல்வதுண்டு. ஒன்றை மட்டும் திறந்து பார்த்துத் திருப்தியடைவது பயனற்றது.

நான்கு சக்கரங்களையும் பிணைத்தவாறே தார்ச்சாலையில் ஓட்டுவது இன்னொரு காரணம். வளைவுகளில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஒரே தூரம் ஓடுவதில்லை. சேற்றிலும் மணலிலும் சக்கரம் வழுக்கி அவ்வேறுபாட்டை ஈடு செய்துகொள்ளும். கெட்டியான சாலையில் அதற்கு வழியில்லாமையால் முறுக்கம் முழுவதும் பல்சக்கரங்களின்மேல் விழுகிறது. அவ்வேளையில் நெம்புகோல் விடுபடாமல் இறுகி நிற்கும். அதனைச் சம்மட்டியால் அடிப்போரும் உளர்! வண்டியைச் சில கஜம் பின்னோக்கி ஓட்டினாலே முறுக்கம் தளர்ந்து நெம்புகோல் எளிதில் விடும்.

இரைச்சல் மிகுதல், நெம்புகோல் நடுங்குதல், பெட்டி கைபொறுக்காத சூடடைதல், தாழ்ந்த கியர் தானே விடுபடுதல் ஆகியவை பழுதின் அடையாளங்கள். இவற்றுள் கடைசியாகச் சொன்னது உயிருக்கே அபாயமானது. பாரமேற்றிய வண்டி மலையிறக்கத்தில் வரும்போது கியர் விடுபட்டால், எஞ்சினின் பிடி நீங்கி, வண்டி பிரேக்கை மட்டுமே நம்பி நிற்கும். அத்தகைய வண்டியைச் செப்பனிடாமல் காப்பிப் பறிப்பு முடியட்டும் என்று ஓட்டுவது தகாது.

வேலை தொடங்குமுன்

இவ்வண்டியின் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்புறத் தண்டில் இருக்கிறது. பின்புற புரொப்பெல்லர் ஷாப்டைக் கழற்றிய கணமே கைப்பிரேக்குக்கும் சக்கரங்களுக்கும் தொடர்பு அற்றுப்போகும். பிரேக் இழுத்திருக்கிறது என்னும் நம்பிக்கையில் வண்டிக்கடியில் படுப்பவர், வண்டி உருண்டு நசுங்க நேரிடும். ஆகவே சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் இருபுறமும் கட்டை கொடுத்த பின்னரே கருவியைத் தொட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைதல் கூடாது. உறுதியான மரக்கட்டைகளை அடுக்கித் தாங்கல் கொடுத்தல் நலம்.

எண்ணெயை வெந்நிலையில் வடித்து, வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்க்கவும். நுண்ணிய சாம்பல்நிறப் பொடி இயல்பான தேய்வு. மஞ்சள் நிறத் துகள்கள் தென்பட்டால் த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துள்ளன என்றறியலாம். எஃகுச் சில்லுகள் கிடைத்தால் பல் உடைந்துள்ளது. சக்கரத்தையே மாற்ற நேரிடும்.

பின்புற மூடியைத் திறந்து, கியர் பாக்ஸ் தண்டின் முனையிலுள்ள நட்டையும் பல்சக்கரத்தையும் எடுத்தபின் பெட்டியைப் பின்னோக்கி இழுத்துப் பிரிக்கலாம். அப்போது கியர் பாக்ஸின் பிரதான தண்டும் கூடவே வர முயலும். அதனை வரவிட்டால் உள்ளே எல்லாம் சிதறி, ஒரு வேலை இரண்டாகிவிடும். மேல் மூடியைக் கழற்றி, தண்டைக் கம்பியால் சுற்றி முன்பக்கமாக இழுத்துக் கட்டிவிடுதல் தகுந்த உபாயம்.

இடைச்சக்கரம்

அடி மூடியையும், தண்டைப் பிடித்திருக்கும் சிறு பூட்டுத் தகட்டையும் எடுத்து, பித்தளைக் கட்டையை வைத்துத் தட்டித் தண்டைப் பின்புறமாக வெளியேற்ற வேண்டும். இரும்புச் சம்மட்டி நேராகப் படலாகாது. தண்டில் விரல்நகத்தால் உணரக்கூடிய பள்ளம் இருப்பின் அது உதவாது. புதுத் தண்டும் பழைய உருளைகளுமாகச் சேர்ப்பது வீண் சிக்கனம். தண்டு, உருளைகள், வாஷர்கள் ஆகிய மூன்றையும் ஒருங்கே மாற்றுவதே முறை.

உதிரியாக உள்ள ஊசி உருளைகளைத் திரும்பக் கோப்பதுதான் பலரைத் தோல்வியுறச் செய்கிறது. இதற்கு எளிய வழியுண்டு. சக்கரமும் இரு வாஷர்களும் சேர்ந்த அகலத்திற்குச் சரியாக, தண்டின் பருமனை ஒட்டி, ஒரு கட்டையைக் கடைசல் பட்டறையில் கடைந்து வாங்கவும். சக்கரத்தினுள் கிரீஸைத் தடவி, உருளைகளை எண்ணி அடுக்கி, நடுவே அக்கட்டையைச் செருகிவிட்டால் ஒன்றும் விழாது. பெட்டிக்குள் பொருத்திய பின், மெய்த்தண்டைச் செலுத்தும்போது கட்டை தானே மறுபுறம் வெளியேறும். வாஷர்களின் நாக்கு பெட்டியிலுள்ள பள்ளத்தில் அமர்ந்துள்ளதா என்று பார்த்தல் வேண்டும்.

கியர் விடுபடும் குறைக்கு, நெம்புகோல் கம்பிகளைப் பிடிக்கும் சிறு குண்டுகளையும் சுருள்வில்களையும் சோதிக்கவும். கம்பியை இழுக்கும்போது குண்டு தெறித்தோடும், துணியால் மூடிக்கொள்ளவும். இரு கம்பிகளுக்கும் இடையிலுள்ள சிறு துண்டைத் திரும்ப வைக்க மறத்தலாகாது. முன் அச்சு பிணைக்கப்படாதபோது தாழ்ந்த கியர் விழாமல் தடுப்பது அதுவே. இல்லாவிடில் பெருக்கப்பட்ட சக்தி முழுவதையும் பின் அச்சு ஒன்றே தாங்க நேரிடும்.

பின்தண்டின் கூம்புப் பேரிங்குகளில் ஆயிரத்தில் 4 முதல் 8 பங்கு அங்குலம் வரை அசைவு இருத்தல் வேண்டும். ஷிம் தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ இதைச் சரிசெய்வர். அளக்கும் டயல் கேஜ் இல்லாதவர் இவ்வொரு வேலையைப் பட்டறைக்குக் கொண்டுபோதல் மேல்; கையால் ஆட்டிப் பார்த்து மதிப்பிடுவது ஏற்றதன்று.

எஸ்.ஏ.இ. 90 கனமுள்ள ஜி.எல். 4 தர எண்ணெயை, பக்கவாட்டுத் துளையின் கீழ்விளிம்பு வரை ஊற்றவும். வடித்த பழைய எண்ணெயைக் கிணற்றருகிலோ வாய்க்காலிலோ கொட்டாமல், தகரத்தில் அடைத்து வைத்துக் கழிவெண்ணெய் வாங்குவோரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். சுமையின்றிச் சில மைல் ஓட்டியபின் பெட்டியைத் தொட்டுச் சூடு பார்த்து, மறுநாட்காலை இரு பெட்டிகளின் எண்ணெய் மட்டத்தையும் மீண்டும் சோதித்து, அதன்பின் பாரம் ஏற்றலாம்.